மடிப்பில் போன முகம்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் சமையலுக்கு ஆள் சொல்வதற்கு முன்னால் பிளக்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். காதுகுத்து, கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு, எதுவானாலும் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பிளக்ஸ் நிற்க வேண்டும். அதில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, சினிமா நாயகன் கணக்காகக் கைகட்டி நிற்க வேண்டும். யார் முகம் பெரியது, யார் எந்த வரிசை என்று பார்த்த பிறகுதான் ஆட்கள் பந்தியில் உட்காருவார்கள். எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல். "மூஞ்சியக் காட்டத்தான நேர்ல வாரோம், அப்புறம் எதுக்கு வாசல்ல வேற?" என்று கேட்டுப் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இன்றைக்கு ஒரு பிளக்ஸுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

விளாங்குடியில் எங்கள் வீடு. தல்லாகுளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கேமரா மாட்டுகிறவர். என் அண்ணன் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். அண்ணனும் வீட்டுக்காரரும் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே சினேகிதர்கள். அந்தப் பழக்கத்தில்தான் என் கல்யாணமே பேசி முடிந்தது.

இருவருக்கும் ஆளுக்கொரு நடிகர். அந்த இரண்டு நடிகர்களின் ரசிகர்களும் ஒருவர் கட்டவுட்டை ஒருவர் கிழித்துக்கொண்டு திரிந்தபோது, இவர்கள் மட்டும் இரண்டு பேர் படத்துக்கும் ஒரே பைக்கில் முதல் காட்சிக்குப் போவார்கள். ஒருவர் தொண்டை கிழிய விசில் அடிப்பார், மற்றவர் "சுமார்தான்டா" என்று வயிற்றெரிச்சலைக் கொட்டுவார். திரும்பி வரும்போது இருவர் தலையிலும் கிழித்துப் போட்ட காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நடிகர்களுக்காக அடித்துக்கொள்ளாத இந்த மகராசன்கள் கடைசியில் ஒரு பிளக்ஸுக்காகப் பேச்சை விட்டார்கள்.

அண்ணன் பரவையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். வாசலில் நின்ற பிளக்ஸில் என் வீட்டுக்காரர் படம் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில். கட்ட வந்தவர்கள் மரச்சட்டம் பத்தவில்லை என்று அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்து ஆணி அடித்துவிட்டார்கள். மடிப்பில் போனது இவர் முகம். வெளியே தெரிந்தது ஒரு காதும் கொஞ்சம் கிருதாவும்தான்.

"ஏப்பா, மாப்பிள்ளைக்குக் காதுக்கு மட்டுந்தான் மரியாதையா?" என்று இவருடைய சித்தப்பா ஒருவர் சத்தமாகக் கேட்டார். பந்தலே சிரித்தது. இவர் நேராக அண்ணனிடம் போய், "என்ன மச்சான் இது?" என்றார். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குச் சமையல்காரரோடு சண்டை, சாம்பார் பத்தாது என்று.

"போட்டோவையா திங்கப்போற? போயி சோத்தச் சாப்புடு மாப்ள!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டான்.

இவர் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இடுப்பில் கைக்குழந்தையோடு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிளக்ஸையே கிழித்துப் போட்டிருப்பேன், அதில் என் மகள் படமும் இருந்ததால் தப்பித்தது.

மறுநாள் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். திறக்கவில்லை. அண்ணன் குடும்ப வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறினான். இவர் அண்ணன் எண்ணை பிளாக் செய்தார். போன் வந்த பிறகு கோபித்துக்கொள்வது எவ்வளவு சுலபமாகிவிட்டது! முன்பு தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவாவது கழுத்து வலிக்க வேண்டும். இப்போது ஒரு விரல் போதும். நாள் மாதமாகி, மாதம் வருடங்களாகிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டது என் மகளின் காது. எங்களில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அவளுக்கு மொட்டை முதல் வருடமே போட்டாயிற்று, அன்றைக்கு அண்ணன் மடி இருந்தது. காது குத்தப் போகிற நேரத்தில் மடி இல்லை. இதோ வரும், அதோ வரும் என்று தள்ளித் தள்ளி, அவள் தோடு இல்லாமலே ஒண்ணாப்புக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜிமிக்கி ஆட, இவள் என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் காதுச் சோணையில் ஒட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் வரும்போது ஒரு காதுப் பொட்டு விழுந்திருக்கும்.

மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார். "ஒங்க சித்தப்பா மகன் இருக்கான்ல, அவனும் மாமன் முறைதான. அவன் மடியில வச்சுக் குத்திட்டுப் போவோம்."

"எங்கண்ணே குத்துக்கல்லாட்டம் இருக்கப்ப எம்பிள்ள எதுக்கு இரவல் மடியில உக்காரணும்? அதுவரைக்கும் மூளிக் காதாவே இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீம்பும் சேர்ந்து பிள்ளை காதில்தான் விடிகிறது என்று தெரியாமலா?

அண்ணனோ வாரம் தவறாமல் ஷேர் ஆட்டோவில் ஒரு பை காய் எனக்கு அனுப்பிவிடுவான். வீட்டுக்கு மட்டும் வரமாட்டான். இவர் சாப்பிடும்போது முருங்கைக்காயை ரசித்துச் சவைத்துவிட்டு, "காய் நல்லாருக்கே, எங்க வாங்குன?" என்பார். "மார்க்கெட்ல" என்பேன். "ம்" என்று இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொள்வார். தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, மாமாகூட நீங்கதான டூ விட்டீங்க? அப்ப எனக்கு ஏன் தோடு இல்ல?"

டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் ரிமோட்டை எடுத்து அதை அணைத்தார். மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, "நாள் பாரு. ஒங்கண்ணனுக்கும் சொல்லு. வந்தா வரட்டும்" என்றார்.

சொல்வதென்றால் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினால் ஆகாது. வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு புருஷனும் பெண்சாதியும் நேரில் போக வேண்டும். இவர் "ஒரு எடத்துல கேமரா மாட்டணும்" என்று நழுவினார். நான் தட்டை ஸ்கூட்டரின் முன்னால் கூடையில் வைத்துக்கொண்டு தனியாகப் பரவைக்குப் போனேன். அண்ணன் கடையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள வரலையா?"

"கேமரா மாட்டப் போயிருக்காரு."

"எங்க, நெலாவுலயா? விளாங்குடிக்கும் இங்கனைக்கும் எம்புட்டுத் தூரம்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் என்ன வேணாப் பண்ணித் தொலைங்க. எம்பிள்ளைக்கு ஒம்மடி வேணும், அம்புட்டுத்தான். ஒன் வீம்ப நீயே வச்சுக்க."

தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் என் கையிலிருந்த தட்டை வாங்கி மூட்டை மேல் வைத்தான். "பாப்போம்" என்றான். எங்கள் பக்கம் 'வாரேன்' என்று சொல்லிவிட்டால் மழையோ வெயிலோ வந்துவிடுவார்கள். 'பாப்போம்' என்றால் அது பாப்போம்தான். வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுகொண்டு வந்தேன்.

அந்த வாரமே பிளக்ஸ் கடைக்குப் போனோம். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டார்கள்? கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டிசைனர், "தாய்மாமன் போட்டோ குடுங்கக்கா, அதத்தான் பெருசா வைக்கணும்" என்றார். என்னிடம் அண்ணன் படம் ஒன்றும் உருப்படியாக இல்லை. அவன் வாட்ஸப் படமோ ஒரு தக்காளிக் கூடை. தக்காளியையா தாய்மாமன் என்று போடுவது? நான் விழித்துக்கொண்டு நிற்கிறேன், இவர் பேசாமல் தன் போனை எடுத்து, மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு படத்தில் நிறுத்தி நீட்டினார்.

தியேட்டர் வாசலில் எடுத்தது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு, தலை முழுக்கக் காகிதத் துண்டோடு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்கள். அதற்குப் பிறகு இவர் போனே மாற்றிவிட்டார். ஆளை பிளாக் செய்தவர் படத்தை மட்டும் புதுப் போனுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த மாதிரிப் பிளக்ஸ்களை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசைனர் அண்ணனை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார். தோளில் ஒரு கை மிச்சம் நின்றது. "அண்ணே, இந்தக் கைய அழிச்சிரவா?"

"வேணாம். இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இவர்.

எங்கள் குலசாமி கோயில் பரவையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில், வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. முதல் நாள் சாயங்காலமே இவர் போய்க் கோயில் பாதையின் வலது பக்கம் எங்கள் பிளக்ஸைக் கட்டிவிட்டு வந்தார். காலையில் சொந்தக்காரர்களோடு வேனில் போனோம். எனக்குச் சேலை மடிப்பு சரியாக நிற்கவில்லை, பூ வைத்தது பிடிக்கவில்லை, எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அண்ணன் வராவிட்டால் அத்தனை பேர் முன்னால் பிள்ளையை யார் மடியில் வைப்பேன் என்பதுதான் உள்ளே ஓடியது. மகள் காதில் அன்றைக்கும் இரண்டு சிவப்புப் பொட்டு.

வேன் திரும்பியது. பாதையின் இடது பக்கம் இன்னொரு பிளக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுடையதைவிடப் பெரியது. அதற்கு முன்னால் ஒரு பெஞ்சின் மேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் அண்ணன்.

"ஏய், ஓரத்த மடிக்காதடா! சட்டம் பத்தலைன்னா வேற சட்டம் கொண்டா! எம்மாப்ள மூஞ்சி ஒரு நூலு மடிஞ்சுச்சு, நடக்குறதே வேற!"

பிளக்ஸ் முழுக்க என் வீட்டுக்காரர் முகம். தலையில் காகிதத் துண்டு, வாயெல்லாம் பல். தோளில் ஒரு கை. அதே படத்தின் மறுபாதி. அண்ணனும் அதைத் தன் போனில் வைத்திருந்திருக்கிறான்! அவனும் அந்தக் கையை அழிக்கச் சொல்லவில்லை. பாதைக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் இவர், இரண்டு பேர் தோளிலும் மற்றவர் கை.

வேன் நிற்பதற்குள் இவர் இறங்கிவிட்டார். நேராகப் போய்த் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்தார். "மச்சான், இந்த ஓரத்த நான் புடிக்கிறேன். நீ அங்கிட்டு இழு."

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டான். "சாப்புட்டியா மாப்ள?"

"இன்னும் இல்ல."

"அன்னைக்கும் சாப்புடாமத்தான் போன." பெஞ்சிலிருந்து இறங்கித் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். இவர் அவன் தோளில் கை போட்டார். வேனிலிருந்து இறங்கிய மாமியார் என் கையைப் பிடித்து, "நல்லவேள, நீ அன்னைக்கு இரவல் மடிக்கு ஒத்துக்கல தாயி" என்றார்.

பழத்தட்டு, பட்டுப்பாவாடை, மேளம் என்று தாய்மாமன் சீர் அமர்க்களமாக வந்து இறங்கியது. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டான். "இதென்னடா தங்கம்?" என்று கேட்டான்.

"என் தோடு மாமா."

அண்ணன் அந்த இரண்டு பொட்டையும் பதனமாக உரித்துத் தன் விரலில் ஒட்டிக்கொண்டான். ஆசாரி குத்தும்போது மகள் ஒரே ஒரு தரம் "மாமா!" என்று வீறிட்டு அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். அதோடு மிட்டாய் கேட்டு நிறுத்திவிட்டாள். அண்ணன்தான் நிறுத்தவில்லை. தடிமாடு மாதிரி வளர்ந்தவன் அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதான். முதல் பந்தியில் இவருக்கு அண்ணனே இலை போட்டான், கறியை அள்ளி அள்ளி வைத்தான். இவரும் போதும் என்றே சொல்லவில்லை.

அண்ணன் கட்டிய பிளக்ஸ் இப்போது மார்க்கெட்டில் அவன் கடை வெங்காய மூட்டைகளை மூடியிருக்கிறது. மழை வந்தால் எங்க மாப்ளதான் காப்பாத்துறாரு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறானாம். எங்களுடையது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு நிழல். துணி காயப் போடப் போகும்போது அண்ணன் அங்கிருந்து சிரிப்பான், எனக்கும் சிரிப்பு வந்துவிடும். இந்தப் போனையும் பிளக்ஸையும் நான் திட்டாத நாள் இல்லை. ஆனாலும், இரண்டு பிடிவாதக்காரர்களின் போனுக்குள் அந்த ஒரு படத்தைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

காதுகுத்து முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ வரவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டது. "மாப்ள!" என்று அண்ணன் குரல். இந்த வீட்டு வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம்! மகள் தோடு மினுங்க ஓடினாள். இவர் எழுந்து போய் அவன் கையிலிருந்த பையை வாங்கி, உள்ளே கைவிட்டு ஒரு முருங்கைக்காயை எடுத்துப் பார்த்தார்.

"காய் நல்லாருக்கே மச்சான், எங்க வாங்குன?" என்று சத்தமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அடுப்படி வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.