சம்பந்திக்கு நீட்டிய சிப்பி

எங்கள் மாமா சிப்பி சுட்டுக் கல்யாணம் முடித்தவர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான் என்பதால் எனக்கு அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான மாமா, அசாம் ஜாவா என்ற ஊரில் எங்கள் வீட்டிலேயே தங்கிச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ராசா என்ற ஊரில் ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் அவரைப் பிடித்திருந்தது. பிடிக்காதது பெண்ணின் அப்பாவுடைய அக்காவுக்கு. ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணை லோரிக்காரனுக்குக் கொடுப்பதா என்று அந்த அம்மாள் கேட்டது ராசாவிலிருந்து எங்கள் வீடுவரை வந்து சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பாவோ அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அறியாதவர். மரியாதைக்காக மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டால் அத்தோடு முடிந்தது என்று அம்மா முன்கூட்டியே அழுது வைத்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கலாம், இனிப்பு எடுக்கலாம். உப்புப் பட்ட எதையும் தொடக்கூடாது. தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். மாமா அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மலையடிவாரத்து ராசாக்காரர்கள் சோறு கறியை வேண்டாம் என்பார்கள், ஆனால் கண்ணெதிரே நெருப்பில் வாய் பிளக்கும் சிப்பியை வேண்டாமென்று சொல்ல மனிதப் பிறவியால் முடியாது என்பது அவர் கணக்கு. விடியற்காலையிலேயே கோல சிலாங்கூர் படகுத்துறைக்குப் போய்ச் சாக்குச் சாக்காகச் சிப்பி வாங்கி வந்துவிட்டார்.

வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததும், மாமா வாசலில் செங்கல் அடுக்கி, கம்பி வலையைப் போட்டு, தென்னை மட்டையைக் கொளுத்தினார். முந்தின நாள் பெய்த மழையில் மட்டை நனைந்திருந்தது. எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். புகை நேராகக் கூடத்துக்குள் போனது. பெண் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதுவும் தன் திட்டம்தான் என்று மாமா இன்றைக்கும் சாதிப்பார்.

சூடேறிய சிப்பிகள் டப் டப்பென்று வெடித்தன. ஒரு சில்லு பறந்துபோய் அந்த அக்காவின் பட்டுச்சேலையில் விழுந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் சித்தப்பாமார் மட்டும் வந்த காரியத்தையே மறந்து, சுடச்சுட எடுத்து எலுமிச்சை பிழிந்து, மிளகாய் அரைத்த சம்பல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் எச்சிலை விழுங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று விசாரித்தார்கள்.

மாமா என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்தார்.

“பொண்ணோட அப்பாகிட்ட போயி நீட்டு. சின்னப் புள்ள குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டாரு.”

போய் நீட்டினேன். மாமாவின் கல்யாணமே அந்தத் தட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர், கையில் விசிறும் அட்டையோடு மாமா புகைக்குள் நின்றிருந்தார். பெண்ணின் அப்பா ஒரு சிப்பியை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“தம்பி! என்னா காரியம் பண்ணிட்ட? உப்பாச்சேடா!” என்றார் அக்கா.

“உப்பு யாருக்கா போட்டா? கடல்ல கெடந்தது, அப்படியே சுட்டுட்டாங்க.”

“அந்தச் சம்பல்ல உப்பு இல்லயா?”

அவர் இன்னும் இரண்டை எடுத்துச் சம்பலில் நன்றாகப் புரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினார்.

“சரிக்கா, உப்புத்தான். சாப்ட்டாச்சி. இனிமே என்னா லா, தேதி பாக்க வேண்டியதுதான்.”

அதற்காகவே காத்திருந்ததுபோல வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் அடுப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைசியில் அந்த அக்காவும், உப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

சிப்பி என்றால் உயிரையே விடுவார் மாமாவின் மாமனார் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மாமாவுக்கும் அதே நினைப்பு. தீபாவளிக்குத் தீபாவளி ராசாவுக்கு ஒரு சாக்கு அனுப்பிவிடுவார்.

போன வருடம் அந்தச் சாக்கைக் கட்டும்போதுதான் அந்த ராசாப் பெண்ணான என் அத்தை என் காதோடு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்குச் சிப்பி ஆகவே ஆகாது. வாடை பட்டாலே குமட்டும். அன்று வீடு திரும்பியதும் கொல்லைப்புறம் போய்க் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்திருக்கிறார். சுடுதண்ணீர் கொண்டுபோன மகளிடம் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்:

“அந்தப் பையன் ஒனக்காக அவ்ளோ பொகையில நின்னாம்மா. என்னால மூணு முழுங்க முடியாதா?”