கட்டுப் போட்டவள்

நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மைதானத்தில், விளையாட்டுப் போட்டி நடக்கும்போதே, அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட மாணவிகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி, குளிரில் விறைத்த கைகளை ஊதிச் சூடாக்கிய பிறகே அடுத்தவர் காலைத் தொடுவாள்.

கடைசி ஓட்டத்துக்கு முன் எங்கள் பள்ளி ஓட்டக்காரிக்குக் கணுக்கால் பிசகியது.

"வீங்குதுங்க சார், ஓட விடாதீங்க," என்றாள் அந்த மாணவி.

"மாகாணப் போட்டிக்குப் போக வேணாமா? இறுக்கிக் கட்டு!" என்றேன்.

அழுதுகொண்டே கட்டினாள். ஓட்டக்காரி பாதியில் விழுந்தாள், எலும்பு முறிந்திருந்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா ஓடிவந்தார்.

"எவடி எம்புள்ளய இந்தக் காலோட ஓட விட்டது?"

"நாந்தாங்க கட்டிவிட்டேன்," என்றாள் மாணவி, கைகளை ஊதியபடி.

நான் வாய் திறக்கவில்லை. அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்னும் விளங்கவில்லை. அந்த அம்மா இன்றும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்னைக் கண்டால் கும்பிடுகிறார்.