மூன்று வெடியில் பாலை மரம்

எட்டு மரம், எட்டுக் கூடை. முழுவதையும் ஆடி முடிக்க முக்கால் மணி நேரம் போதும். திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் நாங்கள் வேலை செய்த அலுவலகத்தின் பின்வளவில் ஒரு சின்னக் காடு இருந்தது. அதற்குள்தான் ஆடினோம். அதைப் பற்றி யாரிடமும் விரிவாகக் கதைத்ததில்லை. கதைக்க வெளிக்கிட்டால் கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து நிற்கும் என்று தெரியும்.

சண்டை கொஞ்சக் காலம் ஓய்ந்திருந்த நேரம் அது. ஊர்களில் கிணறு கட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் நான் எழுத்தர். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்ததால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. என் நண்பன் அங்கே சாரதி. எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர். ஒருமுறை லீவில் போய் வந்தபோது ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் தட்டுகள் கொண்டுவந்தார். தட்டை எறிந்து கூடைக்குள் விழுத்த வேண்டும், குறைந்த எறியில் முடிப்பவருக்கு வெற்றி, கொல்ஃப் மாதிரித்தான் என்று விளங்கப்படுத்தினார். நாங்கள் கொல்ஃபையும் கண்டதில்லை.

கூடைகளைச் செய்தது நண்பன். பழைய சைக்கிள் றிம்மை மரத்தில் கட்டி, அதிலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே மீன் கூடை ஒன்றை வைத்தான். தட்டு சங்கிலியில் பட்டால் கலகலவென்று சத்தம் போட்டு உள்ளே விழும். அந்தச் சத்தத்துக்கு மேயும் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

அந்தக் காட்டில் பலசாலிக்கு வேலையில்லை. தூரம் குறைவு, மரங்கள் நெருக்கம். வீரைக்கும் விளாத்திக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளிதான் இருக்கும். நண்பன் தலையைச் சரித்து ஒரு பார்வை பார்ப்பான், இடுப்பளவு உயரத்தில் மெல்ல விடுவான், தட்டு வளைந்து போய்க் கூடைக்குக் கிட்ட விழும். நான் எறிந்தது முதல் மரத்திலேயே மோதும். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கச்சான் காற்றைக் குறை சொல்வேன். காற்று தனக்கும்தானே அடிக்கிறது என்று அவன் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறியியலாளர் ஒவ்வொரு எறியையும் ‘ஷொட்’ என்பார். அதற்குத் தமிழ் என்ன என்று நண்பன் என்னைக் கேட்டான். எறி என்றேன். அவன் வாய் சும்மா இருக்குமா? ஷொட் என்றால் வெடிதானே என்றான். எங்கள் ஊரில் வெடி என்றால் துவக்குச் சூடு. அன்றிலிருந்து அது நிலைத்துவிட்டது. பாலைக்கு மூன்று வெடி, புளிக்கு நாலு வெடி என்றுதான் கணக்கு. வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் குப்புறப் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லை வெளிச்சத்தில் நின்று உரக்கச் சொல்லிச் சிரிப்பது எங்களுக்குப் பெரிய சுகமாக இருந்தது.

ஏழாவது மரம் பக்கத்து முகாமின் முள்ளுக்கம்பிக்குக் கிட்ட. என் தட்டு பலமுறை கம்பியைத் தாண்டிப் போகும். காவலரணில் நிற்கிற சிப்பாய் அதை எடுத்துத் திருப்பி எறிவான். அவன் என்னைவிட மோசமாக எறிவான், அதில் எனக்கு ஒரு ஆறுதல். ஒருநாள் நண்பன் இரண்டே எறியில் அந்தக் கூடைக்குள் தட்டை விழுத்தியபோது அந்தப் பையன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுக் கை தட்டினான்.

பிறகு மறுபடி சண்டை தொடங்கியது. பொறியியலாளரை அவசர அவசரமாக அவருடைய நாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தட்டுப் பையை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அலுவலகத்தையும் மாத முடிவில் மூடுவதென்று கடிதம் வந்தது. மூடுவதற்கு முன் அலுவலக ஆட்கள் எட்டுப் பேருக்கும் ஒரு போட்டி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு விசர் பிடித்தது. எனக்குத்தான், அவனுக்கில்லை.

ஒரு வரைபடம் கீறினேன். எட்டு மரங்கள், எங்கே நின்று எறிவது, எந்தப் பக்கம் வளைப்பது எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் அம்புக்குறி. கம்பிவேலிக்குப் புள்ளிக்கோடு. ஒருவரும் அந்தப் பக்கம் எறிந்துவிடக் கூடாதென்று காவலரணுக்கு ஒரு சதுரம் போட்டு, ‘சென்றி, கவனம்’ என்று எழுதினேன். ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் 3 வெடி, 4 வெடி. மேலே கொட்டை எழுத்தில்: ஞாயிறு பின்னேரம் 4 மணி, ஒருவரும் பிந்தக் கூடாது.

இன்று இதை எழுதும்போதே கை கூசுகிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவன் அப்படி ஒரு காகிதத்தை எழுதுவானா? எழுதினேன். நாலு வருஷம் விளையாடியதில் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

டவுனுக்குப் போகிறாய்தானே, இதில் எட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு வா என்று நண்பனிடம் கொடுத்தேன். அவன் விரித்தும் பார்க்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். வழியில் அன்று புதிதாகப் போட்டிருந்த சோதனைச் சாவடியில் அவனை இறக்கிப் பையைத் துழாவினார்கள்.

அவனை டவுன் முகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று மத்தியானம் செய்தி வந்தது. பின்னேரம் அவனுடைய அக்கா என் வீட்டுக்கு வந்தார். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவர் அவர்தான். நிலாவெளி ரோட்டில் ஒரே வீட்டில் இருந்தார்கள். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“தம்பி, உங்களுக்குச் சிங்களம் தெரியும். ஒருக்கா என்னோட வந்து, அது விளையாட்டு எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவங்களுக்கு விளங்கும்.”

காலையில் வருகிறேன் என்றேன். அந்த இரவு முழுவதும் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: அது என் கையெழுத்து. போய் நின்றால், எழுதியது யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். விடிந்ததும் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினேன். காய்ச்சல் இல்லை, பயம். இன்றைக்காவது அதை உள்ளபடி சொல்கிறேன்.

அக்கா தனியாகப் போனார். ஷொப்பிங் பையில் ஒரு தட்டைக் கொண்டு போயிருக்கிறார். பாஷை தெரியாததால், முகாம் வாசலில் நின்று தட்டை எறிந்து, ஓடிப்போய் எடுத்து, மறுபடி எறிந்து காட்டியிருக்கிறார். சேலையைச் செருகிக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேற்பட்ட மனுசி. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்களாம். மூன்று நாள் அப்படிப் போனார். நாலாம் நாள் வெட்கம் தாங்காமல் நானும் கூடப் போனேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எனக்கு நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்த வாசலிலும் அதே பதில்தான்.

விளையாட்டு வினையாகும் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. அவனுக்கு வினையானது விளையாட்டு அல்ல. நான் கீறிய படம், நான் சொன்ன பொய்க் காய்ச்சல்.

அடுத்த வருஷம், அந்த முகாமில் அடைபட்டிருந்து வெளியே வந்த ஒருவர் அக்காவைத் தேடி வந்து ஒரு விஷயம் சொன்னார். முதல் இரண்டு நாளும் நண்பன் தனக்குப் பக்கத்தில் இருந்ததாகவும், படத்தை எழுதியது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவனை அடித்ததாகவும், அவன் கடைசிவரை தானே எழுதியதாகச் சொன்னதாகவும். மூன்றாம் நாள் அவனை வேறு இடத்துக்குக் கொண்டு போனார்களாம். இதை அக்கா என்னிடம் வந்து சொன்னபோது நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 

சண்டை முடிந்த பிறகு காணாமல் போனவர்களின் விபரம் பதிகிறார்கள் என்று அறிவித்தார்கள். படிவம் நிரப்பித் தரச் சொல்லி அக்கா வந்தார். என் மேசைக்கு எதிரே கதிரையில் இருந்தார். பெயர், வயது, தொழில் எல்லாம் நிரப்பினேன். கல்வி என்ற இடத்தில் நிறுத்தி என்ன போடுவது என்று கேட்டேன்.

“ரெண்டாம் வகுப்பு,” என்றார். “தன்ர பேருக்கு மேல ஒரு சொல்லும் எழுத ஏலாது அவனுக்கு.”

பேனையை வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் வராத வாய் அப்போதுதான் வந்தது. அக்கா, அந்தப் படத்தை எழுதினது நான் என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அவர் அழவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“அண்டைக்கே தெரியும். அதுக்காகத்தானே முதல் உங்களட்ட வந்தனான்.”

பிறகு அடுத்த கேள்வியை வாசிக்கச் சொன்னார். காணாமல் போனவரை, பிடிபடுவதற்கு முன் கடைசியாகக் கண்டவர் யார் என்று இருந்தது. வாசித்தேன்.

“உங்கட பேரை எழுதுங்கோ,” என்றார்.