தகப்பனார் தூக்காத பிள்ளைகள்

எங்கள் அப்பாவை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். அம்மாவை மன்னி என்றோம். ஸ்ரீரங்கத்து வீட்டில் சித்தப்பாக்களும் அத்தைகளும் அவர்களை அப்படிக் கூப்பிட்டார்கள். பேச்சு வந்த வயதில் காதில் விழுந்ததை நாங்களும் பிடித்துக்கொண்டோம். யாரும் திருத்தவில்லை. கூட்டுக் குடும்பத்தில் என் பெண்டாட்டி, என் பிள்ளை என்று ஒருவர் தனியே உரிமை கொண்டாடுவது வெட்கக்கேடு. அதிலும் தன்னைப் பெற்றவர் எதிரில் தான் பெற்றதைத் தூக்கிக் கொஞ்சுவது பெரிய மரியாதைக் குறைவு. தாத்தா இருந்தவரை அண்ணா அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர் திருச்சியில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் திரும்பி வந்ததும் கால் அலம்பித் திருமண் இட்டுக்கொண்டு, தாத்தா உட்கார்ந்திருக்கும் கூடத்தில் தூணோரமாக நிற்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார். நானும் தம்பியும் அதே கூடத்தில்தான் விளையாடிக்கொண்டிருப்போம். எங்கள் பக்கம் அவர் கண் திரும்பாது.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது சித்திரைத் தேர் பார்க்க அழைத்துப் போனார்கள். சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனமெல்லாம் வீதியில் திரண்டிருந்தது. எனக்கு வேட்டிகளும் புடவைகளும்தான் தெரிந்தன. சுற்றிலும் குழந்தைகள் தகப்பன்மார் தோளில் உட்கார்ந்திருந்தன. அண்ணாவின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் முன்னால் நின்ற தாத்தாவைப் பார்த்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் துணியை விடுவித்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ஒரு குடியானவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். உப்பிலியபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் என்று அவர் சம்சாரம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏறிக்க பாப்பா, தேரு வந்திருச்சு" என்று என்னை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வியர்வையும் புகையிலையும் மணத்த அந்தத் தோளிலிருந்துதான் நம்பெருமாளைச் சேவித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா என்னைக் கிணற்றடியில் நிறுத்தித் தலையோடு குளிக்க வைக்கச் சொன்னார். "யார் தூக்கினாலும் ஏறிடறதா? பெண் குழந்தைக்கு அவ்வளவு ஆசை என்ன?" என்று திட்டினார். அண்ணா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

நானாவது ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டேன். என் தம்பிக்கு அந்தப் புத்தி வரவில்லை. அண்ணாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசல் ரேழிக்கு ஓடுவான். அவர் நின்று, அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருக்கும். பிறகு மன்னி வந்து தூக்கிக்கொள்வாள். தினமும் இது நடந்தது. தினமும் அவன் ஓடினான்.

மூன்று வயதில் அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு இழுத்தது. வைத்தியர் கொடுத்த சூரணம் உள்ளே இறங்கவில்லை. மன்னி கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணாவிடம், "ஜட்கா வச்சு திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துண்டு போயிடலாமே" என்றாள். தாத்தா காதில் விழுந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில கண்டவா தொட்டதைக் குழந்தை வாயில ஊத்தறதுக்கா? நாளைக்குப் பார்த்துக்கலாம். பெருமாள் இருக்கார்."

அண்ணா உத்தரீயத்தை எடுத்துத் தோளில் போட்டிருந்தார். மெதுவாக அதை மறுபடியும் கொடியில் போட்டார்.

மறுநாள் உச்சிவேளைக்குள் தம்பி போய்விட்டான். சின்னக் குழந்தைக்குப் பாடை கிடையாது. பெற்றவர் கையில் ஏந்திக்கொண்டு கொள்ளிடக்கரைக்குப் போவார். அண்ணா குனிந்து அவனை எடுத்தார். எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தலை பின்னால் தொங்கியது. சித்தப்பா அவர் முழங்கையை மடக்கி, "இப்படி, அண்ணா, தலையை இங்க தாங்கிக்கோ" என்று காட்டினார். அன்று அதில் மரியாதைக் குறைவு இருப்பதாகத் தாத்தாவும் சொல்லவில்லை.

மன்னி அதற்கப்புறம் அண்ணாவோடு அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு உள்ளுக்குள் பிள்ளை மேல் உயிர் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். உள்ளுக்குள் இருந்ததை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை என்ன செய்யும்?

சில வருஷங்களில் தாத்தா பரமபதித்தார். காரியங்கள் முடிந்து சித்தப்பாக்கள் தனித்தனியே குடிபோனார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஒரு சாயங்காலம் அண்ணா கூடத்தில், தாத்தா உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக்கொடுத்தா?"

"கணக்கு, அண்ணா."

"சரி."

அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. போகலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். மறுநாளும் கூப்பிட்டார். அதே கேள்வி, அதே பதில். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

யுத்த காலத்தில் என்னைத் திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துக் குடும்பத்தில் கொடுத்தார்கள். என் பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பிறந்தான். அண்ணா அவனைக் கீழே விடவில்லை. பஞ்சகச்சம் நனைந்தாலும் கவலைப்படவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு வீதியில் போவார். "பேரன்னா இவருக்கு உயிர்" என்று எதிர்வீட்டு மாமி மெச்சினாள். மன்னி அரிசி களைந்துகொண்டே, "ஆமாம், இப்பத்தான் கை முளைச்சிருக்கு" என்றாள்.

ஒரு நாள் அவர் என்னிடமே வந்து சிரித்தார். "என்கிட்ட எப்படி ஒட்டிண்டுட்டான் பார்த்தியா? உன்கிட்டகூட வரமாட்டேங்கறான்."

நான் தொட்டிலுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எங்களைத் தூக்கியிருந்தா நாங்களும் ஒட்டிண்டிருப்போம், அண்ணா."

அவர் சிரிப்பு நின்றது. குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்போ அதுதான் வழக்கம், குழந்தே. நான் என்ன பண்ண முடியும்?"

"தேர் பார்க்கணும்னு நான் கேட்டது வழக்கம் தெரியாமத்தான். தம்பி கையை நீட்டினதும் அப்படித்தான்."

அவன் பேச்சை அந்த வீட்டில் யாரும் அதுவரை எடுத்ததில்லை. அண்ணா குழந்தையை என் மடியில் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சமையலறையில் மன்னி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடியும் ஊத ஆரம்பித்தாள். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும்.

அடுத்த மாதம் புக்ககம் திரும்பினேன். அங்கேயும் அதே வழக்கம். மாமனார் இருக்கும் இடத்தில் என் அகத்துக்காரர் பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனார் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேரே போய்க் குழந்தையை அகத்துக்காரர் கையில் வைத்தேன்.

"பிடிச்சுக்கோங்கோ. அடுப்புல பால் பொங்கறது."

பால் ஒன்றும் பொங்கவில்லை. மாமனார் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும் என்று நான் தினமும் அதையே செய்தேன். முதலில் அகத்துக்காரர் உடம்பு விறைத்து, குடத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தார். பிறகு பழகிவிட்டது. சில மாதத்தில் நான் கொடுக்காமலே எடுத்துக்கொண்டார்.

குழந்தை அவர் மார்பில் முகம் புதைத்துத் தூங்குவதைச் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். நான் போராடி வாங்கிக்கொடுத்ததுதான் அது. பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பெற்ற பிள்ளை மேலேயே எனக்கு வயிறு எரிந்தது.