மூன்றாவது தடவை கேட்காதே

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

டார்லீன் ஓட்டுநர் இருக்கையில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பி, விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். வேன் பள்ளத்தில் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஜன்னல்களுக்கு வெளியே வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. சாலை எங்கே முடிந்தது, வயல் எங்கே ஆரம்பித்தது, தெரியவில்லை.

"யாருக்கும் அடி இல்லையே? நாலு... அஞ்சு..."

விரல் நின்றது.

"...ஆறு."

மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஆறு.

அப்போது மணி மாலை 3.31. நட்டநடுப் பகல் போல வெளிச்சம். பேய் வருகிற நேரமா அது? நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்த வேனில் ஐந்து பேரை ஏற்றி அனுப்பியவன் நான். அவர்கள் பெயர் எழுதிய பட்டியல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ஆறாவது வரி காலி. டார்லீன் எனக்குச் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அவள் கடைசியாகச் சொன்னதை நானும் கடைசியிலேயே சொல்கிறேன்.

அன்று ஜனவரி 19. அயோவா மாநிலம் முழுக்கப் பனிப்புயல். சீடார் ரேபிட்ஸில் விமானம் இறங்கியவர்கள் வாட்டர்லூவுக்குப் போக வழியில்லாமல் நின்றார்கள். ஐம்பத்தைந்து மைல்தான். ஆனால் ரயில் கிடையாது. பஸ் ரத்து. வாடகைக் கார்க்காரர்கள் சாவிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மிச்சம் எங்கள் வேன் ஒன்றுதான்.

"ஓட்டிடுவியா?" என்று கேட்டேன்.

"என்னைக்கு ஓட்டாம இருந்திருக்கேன்?" என்றாள் டார்லீன்.

டார்லீன் கட்லெட்ஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக இதே வழி. ஒரு பழக்கம் உண்டு அவளுக்கு. வண்டி எங்கே நின்றாலும் தலையை எண்ணுவாள். பெட்ரோல் போட நின்றால் எண்ணுவாள். சிவப்பு விளக்கில் நின்றால்கூட எண்ணுவாள். "கோழிக்குஞ்சு மேய்க்கிறியா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரிக்கமாட்டாள்.

தலையை எண்ணினாள், ஐந்து. 2.20க்குக் கிளம்பினாள். 2.55க்குப் போன் செய்தேன். "நெடுஞ்சாலையை மூடிட்டாங்க. வயக்காட்டு வழியா பழைய கவுண்டி ரோட்ல போயிடு."



"வேற வழி இல்லையா, வெர்ன்?"

"இல்ல."

"சரி" என்றாள். குரல் என்னவோ போல இருந்தது.

அப்படியும் அவள் திரும்பி வராததற்குக் காரணம் கோல்பி என்கிற பையன். டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. வாட்டர்லூ ஆஸ்பத்திரியில் அவன் மனைவிக்குக் காலையிலிருந்து வலி. தலைப்பிரசவம். நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தபடி ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தான். "உன்ன புள்ள மூஞ்சிய பாக்க வச்சுதான் மறுவேல" என்று டார்லீன் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மற்ற நால்வர்: ஓய்வு பெற்ற டீச்சர் லவோன் அம்மாள், விதைச்சோளம் விற்கும் ஆர்லோ, கல்லூரிக்குத் திரும்பும் அக்கா தங்கை இருவர். ஐந்து.

ஆறாவது ஆள் கடைசி வரிசையில், இடப்பக்க ஜன்னலோரம். பழுப்பு நிறத் தடித்த கோட்டு. காதை மூடும் தொப்பி. முகம் ஜன்னல் பக்கம்.

டார்லீன் குரலைத் தாழ்த்தினாள். "லவோன் அம்மா, பின்னாடி அவரு எங்க ஏறினாரு?"

"உனக்குத் தெரியாதா? எனக்கு முன்னாடியே ஏறிட்டாருன்னு நெனச்சேன்."

"நாங்கதாங்க முதல்ல ஏறினோம்" என்றாள் அக்காக்காரி. "அப்ப யாரும் இல்ல."

"நான் கடைசியா ஏறும்போது இருந்தாரே" என்றான் கோல்பி.

"யாரும் பேர் கேக்கலையா?"

ஆர்லோ கழுத்தைச் சொறிந்தான். "எப்படி கேக்கறது? 'யாரய்யா நீ'ன்னா? மரியாதையா இருக்குமா?"

அதுதான் எங்கள் ஊர். பக்கத்தில் எமன் வந்து உட்கார்ந்தாலும் கோட்டை மடித்துவைத்து இடம் விடுவோம். எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டோம்.

"நல்ல மனுஷன்தான்" என்றாள் லவோன் அம்மாள். "கொலாச்சே குடுத்தேனே, எல்லாரையும் போல ரெண்டு தடவ வேணாம்னாரு. மூணாவது தடவ கேட்டதும் வாங்கிக்கிட்டாரு."

கொலாச்சே என்பது பழம் வைத்த பன். லவோன் அம்மாள் வாட்டர்லூவில் இருக்கும் தன் தங்கைக்கென்று வாங்கிய பெட்டியை வழியிலேயே பிரித்துவிட்டாள். பெட்டியில் ஆறு. பயணிகளுக்கு ஐந்து, டார்லீனுக்கு ஒன்று.

பெட்டி காலியாக இருந்தது. டார்லீன் இன்னும் சாப்பிடவில்லை.

3.38. எனக்குப் போன் வந்தது.

"பள்ளத்துல இறங்கிட்டேன், வெர்ன். கல்லறைத் திருப்பம் தாண்டி அரை மைல். அடி யாருக்கும் இல்ல."

"வண்டியவிட்டு இறங்காதீங்க. பனி தள்ளுற லாரிக்குச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் ஆகும். அஞ்சு பேரும் நல்லா இருக்காங்கல்ல?"

"ஆறு."

"அஞ்சு, டார்லீன். பட்டியல் என் கையில இருக்கு."

  தொடர்பு அறுந்துவிட்டது.

புயலில் மாட்டினால் எங்களுக்கு இரண்டே விதி. ஒன்று, வண்டியை விட்டுப் போகாதே. பத்தடி நடந்தவன் திரும்பி வர வழி தெரியாமல் செத்திருக்கிறான். இரண்டு, புகைக்குழாயைப் பனி மூடவிடாதே. மூடினால் புகை உள்ளே வந்து தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

3.50. டார்லீன் கயிற்றின் ஒரு நுனியைக் கதவுப் பிடியிலும் மறு நுனியை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, மண்வாரியோடு இறங்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது. மைனஸ் பதினெட்டு. வேனைக் கையால் தடவித் தடவிப் பின்பக்கம் போனாள். குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரினாள்.

நிமிர்ந்தாள்.

ஜன்னல்கள் எல்லாம் உள்ளிருந்தவர்களின் மூச்சுப் பட்டு வெளுத்திருந்தன. ஒன்றைத் தவிர.

கடைசி வரிசை. இடப்பக்கம்.

அந்தக் கண்ணாடி மட்டும் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

இருக்கை காலி.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஏறினாள். கதவைச் சாத்தினாள். திரும்பினாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். அதே இடத்தில்.

எல்லோருடைய பூட்சுக்குக் கீழேயும் பனி உருகித் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் காலடி காய்ந்து கிடந்தது. ஆனால் தோளில் பனி. ஒரு விரல் கனத்துக்கு. ஹீட்டர் ஒன்றரை மணி நேரமாக ஓடுகிறது...

பனி உருகவில்லை.

டார்லீன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.  

4.12. கோல்பியின் போனில் ஒரே ஒரு செய்தி எப்படியோ நுழைந்தது. 'எங்க இருக்க? பிரசவ அறைக்குக் கொண்டுபோறாங்க.' பதில் அனுப்பப் பார்த்தான். போகவில்லை.

"இங்கயே உக்காந்து என்ன பண்றது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டான். "பக்கத்துல ஒரு பண்ணை வீடுகூடவா இருக்காது?"

"இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

ஆறாவது ஆள் பேசியிருந்தார். குரல் காய்ந்த சோளத்தட்டை உரசுகிற மாதிரி.

"அந்தா. வெளிச்சம்."

அவர் காட்டிய பக்கம் பார்த்தார்கள். இருந்தது. வெள்ளைக்குள் மஞ்சளாக, சின்னதாக. ஒரு வீட்டு விளக்கு. கூப்பிடு தூரம்.

"நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். "அவங்ககிட்ட டிராக்டர் இருக்கும்."

இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அடி எடுத்துவைக்கிற சத்தம் கேட்கவில்லை. யார் மேலேயும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி, "மன்னிக்கணும்... கொஞ்சம் வழி... மன்னிக்கணும்..." என்று வந்தார். தங்கைக்காரி மட்டும் சட்டென்று அக்காவைக் கட்டிக்கொண்டாள். அவர் தாண்டியபோது குளிர்ந்ததாம். உள்ளே, எலும்பில்.

கதவைத் திறந்தார்.

காற்று ஊளையிட்டது.

கோல்பி எழுந்துவிட்டான். "பெரியவரே, நில்லுங்க. தனியா போகாதீங்க. நான் கூட வர்றேன்."

"வேணாம் தம்பி. உனக்கு எதுக்குச் சிரமம்."

ஒன்று, என்று டார்லீன் மனசுக்குள் எண்ணினாள். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். காபியோ, உதவியோ, எது கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால்தான் அது நிஜமான அழைப்பு. அப்போது சரி என்போம். சரி என்றபின் யாரும் பின்வாங்கமாட்டோம்.

"சிரமம் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றான் கோல்பி. "வர்றேன்."

"வேணாம் தம்பி. நான் பாத்துக்கறேன்."

இரண்டு.

கோல்பி தொப்பியை இழுத்து மாட்டினான். வாயைத் திறந்தான்.

டார்லீன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"ம்ம்ம்..!"

"பேசாத."

"டார்லீன்!" லவோன் அம்மாள் பதறினாள். "வயசான மனுஷன தனியா அனுப்புறதா?"

"யாரும் பேசக் கூடாது. யாரும் கேக்கக் கூடாது. ஒருத்தரும்."

அவர் கதவில் நின்றார்.

போகவில்லை. உள்ளேயும் வரவில்லை. காத்திருந்தார்.

பனி உள்ளே கொட்டியது. ஆர்லோ நெளிந்தான். கேட்காமல் இருப்பது அவனுக்கு உடம்பு வலி மாதிரி இருந்தது. லவோன் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிஷம்...

இரண்டு நிமிஷம்...

தொப்பிக்குக் கீழே முகம் இப்போதுதான் தெரிந்தது. சாம்பல் நிறம். இமையில் பனி. கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. காத்திருப்பு மட்டும்.

அந்தக் கண் கோல்பியைப் பார்க்கவில்லை.

டார்லீனைப் பார்த்தது.

அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

பேசவில்லை.

4.21.

அவர் இரண்டு கையாலும் தொடையைத் தட்டினார். விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது தட்டுகிற மாதிரி.

"சரி... அப்ப..."

இறங்கினார்.

ஓர் அடி.

இரண்டு அடி.

வெள்ளை மூடிக்கொண்டது.

விளக்கும் அணைந்தது.

டார்லீன் கதவை இழுத்துச் சாத்துமுன் கீழே பார்த்தாள். முழங்கால் ஆழத்துக்குப் புதுப் பனி.

தடம் இல்லை.

5.26க்குப் பனி தள்ளும் லாரி வந்தது. ஓட்டியவன் டுவேன். ஒவ்வொருவராக இறக்கி ஏற்றினான். டார்லீன் எண்ணினாள். ஐந்து. கடைசி வரிசையில் விரிப்பை எடுக்கப் போனவள் அங்கே ஒரு கொலாச்சேயைப் பார்த்தாள். கடிக்காமல், காகிதத்தோடு. எடுத்தாள். கல். ஹீட்டருக்கு நேர் கீழே இருந்தது, கல்லாய் உறைந்திருந்தது.

7.12க்குக் கோல்பி ஆஸ்பத்திரியில் நுழைந்தான். பெண் குழந்தை. பிறந்து பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை டுவேன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். டார்லீன் விட்டுவந்த மண்வாரியைக் கொடுத்துவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டான். அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை என்னிடம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

"அந்தப் பக்கம் யாரு பண்ணை இருக்கு, டுவேன்?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம்? வடக்கேயா? நாலு மைலுக்கு ஒரு கோழிக்கூடு இல்ல."

"விளக்கு தெரிஞ்சுதாமே."

கோப்பையைக் கீழே வைத்தான். "அப்படியா? முன்னாடியும் ஒரு ஆளு அப்படித்தான் சொல்லிட்டு எறங்கினாரு. இருபத்தெட்டு வருஷம் இருக்கும். இதே திருப்பம், இதே மாதிரி ஒரு வேன். எங்கப்பாதான் அப்ப லாரி ஓட்டினாரு. எவ்வளவு தேடியும் கெடைக்கல. ஏப்ரல்ல பனி உருகினப்பதான் கெடச்சாரு. வேலியோரமா உக்காந்த வாக்குல. வேன் நின்ன இடத்துலேர்ந்து நூறு அடிகூட இல்ல. மூஞ்சி ரோட்டப் பாத்து..." கோப்பையை மறுபடி எடுத்தான். "யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரின்னு எங்கப்பா சொல்வாரு."

"அவரோட யாரும் போகலையா? எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்களா?"

"பயணிங்க தூங்கிட்டு இருந்தாங்களாம். டிரைவர் மட்டும்தான் முழிச்சிருந்தாராம். அது யாருன்னு எனக்குத் தெரியாது."

அவன் போய்விட்டான். கதவு சாத்திய சத்தம் கேட்டது. 

"கேட்டேன், வெர்ன்" என்றாள் டார்லீன்.

நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கோப்பையைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு அப்ப முப்பது வயசு. 'கூட வரட்டுமா'ன்னு கேட்டேன். வேணாம்னாரு. ரெண்டாவது தடவையும் கேட்டேன். வேணாம்னாரு. அப்புறம் கதவுலயே நின்னாரு. நேத்து நின்ன மாதிரியே..."



"மூணாவது தடவ கேட்டா சரின்னு சொல்லிடுவாருன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல."