ஈயப் பக்கம்

பல்ட்ஹசார் க்ரெசரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. டான்யூப் கரையில் எங்கள் ஊர்க் கோட்டைக்கு அவர்தான் தலைமைப் பீரங்கிக்காரர். நான், ஃபைட், அவருடைய பீரங்கிக்குக் குண்டு போடுகிறவன். பீரங்கியின் சாய்வை அளக்கும், தங்க முலாம் பூசிய கோணமானியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தேவாலயத்துக்கு வருவார். பீரங்கியின் வெடிமருந்துத் துளையைக் குத்தும் ஊசியால் பல் குத்திவிட்டு, துடைக்காமலே மறுபடி துளைக்குள் விடுவார். ஊரார் மினுமினுப்பை மட்டும் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

முற்றுகையின்போது எதிரிகள் செங்கல் சூளையில் பீரங்கி வைத்தார்கள். சூளைக்குப் பின்னால் ஒரு வைக்கோல் கொட்டகை. பிடிபட்ட எங்கள் ஆட்களை அதில்தான் அடைத்திருந்தார்கள். என் தம்பி யோர்க்கும் அங்கேதான் இருந்தான்.

கோணமானியின் நீண்ட காலைப் பீரங்கி வாய்க்குள் நுழைத்து, தூக்குக்குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் முறை. அதற்கு எதிரியின் கண்ணெதிரே போய் நிற்கவேண்டும். க்ரெசர் அங்கே போகவேயில்லை. பின்னால் பதுங்கியபடியே குழாயின் முதுகில் கோணமானியை வைத்தார். குழாய் பின்பக்கம் தடிமன், முன்பக்கம் ஒல்லி. முதுகில் அளந்தால், வாய் உண்மையில் தூக்கி நிற்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

“மேஸ்திரி, வாய்க்குள்ள வெச்சுப் பாருங்க. இப்படிச் சுட்டா குண்டு சூளையத் தாண்டிடும். அங்க என் தம்பி இருக்கான்.”

“பாடம் எடுக்காதடா ஃபைட்! என் தலை போனா உங்கப்பனா வந்து சுடுவான்?”

“அப்ப என்கிட்ட குடுங்க, நான் போய் வெக்கறேன்.”

“இந்த அழுக்குக் கையாலயா? தூரப் போ!”

அவரே திரியை வைத்தார். குண்டு சூளைக்கு மேலே பறந்தது. கொட்டகையின் கூரை சரிந்தது.

மறுநாள் எதிரிகள் விலகிப் போனதும் கோட்டைத் தளபதியோடு அங்கே போனோம். யோர்க் நெஞ்சு நசுங்கிக் கிடந்தான். ஈ மொய்த்தது. பக்கத்திலேயே குண்டு.

எங்கள் பீரங்கி பன்னிரண்டு ராத்தல் இரும்புக் குண்டு சுடுவது. க்ரெசர் வளைகால் கவராயத்தால் குண்டின் அகலத்தைப் பிடித்து, அகலத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவுகோலில் வைத்தார். அந்தக் கோலில் இரும்புக்கு ஒரு பக்கம், ஈயத்துக்கு ஒரு பக்கம். ஈயம் கனம் என்பதால், அதே அகலத்துக்கு ஈயப் பக்கம் எடையைக் கூட்டிக் காட்டும். கூசாமல் கோலைத் திருப்பினார்.

“பதினெட்டு ராத்தல், தளபதி. நம்மகிட்ட இவ்ளோ பெருசு ஏது? எதிரியோடதுதான்.”

“ஐயா, இரும்புக் குண்ட ஈயப் பக்கம் வெச்சு அளக்கறாருங்க! கையில தூக்கிப் பாருங்க!”

தளபதி குனியக்கூட இல்லை.

“மேஸ்திரி அளந்துட்டாருல்ல? விடு.”

கவராயத்தின் நுனியில் ரத்தம் ஒட்டியிருந்தது. க்ரெசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்து, அதை என் தம்பியின் சட்டையிலேயே துடைத்தார்.