மூடி என் மகள் கையில் இருந்தது

அந்த நர்சரிப் பள்ளியின் தாளாளர் அம்மா என் மகளிடம் பொய் சொன்னார். ஒரு நாள் இல்லை, இரண்டு வாரம் தினமும் சொன்னார். இதை எழுத எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். கள்ளிக்குப்பத்தில் வாடகை வீடு. கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, விடியும் முன்பே கிளம்பிவிடுவார். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை. மகளுக்கு மூன்றரை வயது. சாயங்காலம் வரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் பள்ளி எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் போகும் சபையைச் சேர்ந்த அம்மாள் நடத்தியது. அந்த இடம் போனால் என் வேலையும் போகும்.

முதல் நாள் மகள் என் புடவையை விடவில்லை. தாளாளர் அம்மா அவளைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய், "அதோ பாரு காக்கா" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பின்வாசல் வழியாக ஓடினேன். தெருமுனை வரை அவள் அலறல் கேட்டது. மறுநாளும் அப்படித்தான். ஊரில் எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் செய்கிறார்கள், பழகிவிடும் என்றார்கள்.

பழகவில்லை. வீட்டில் நான் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டி அழுதாள். தூக்கத்தில்கூட என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

இரண்டாவது வாரக் கடைசியில் பள்ளி ஆயா என்னைத் தனியே நிறுத்தினார்.

"இன்னாம்மா நீ, உன் பொண்ணு தினிக்கும் எங்க குந்திகினு கீது தெரியுமா? கக்கூஸ் வாசல்ல. உங்கம்மா பாத்ரூம் போயிருக்கா, இப்ப வந்துடுவான்னு பெரியம்மா சொல்லிட்டாங்க. கதவு தொறக்கும் தொறக்கும்னு பாத்துகினே கீது. சோறு கூட அங்கதான் துன்னுது."

ஆயா பெரியம்மா என்றது தாளாளர் அம்மாவை. நேரே அவரிடம் போனேன். அவர் அசரவில்லை. "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்க. ரெண்டு அடி போட்டா சரியாயிடும்" என்றார். பிரம்பைப் பற்றி வேதத்தில் வரும் வசனத்தையும் சொன்னார். "திங்கக்கிழமையும் இப்படியே அழுதா ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சிடுவேன். வேற எடம் பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் ஒரு பாட்டும் பாட வரவில்லை. அன்று வாசித்தது, கர்த்தர் தம்முடைய சீஷர்களிடம், தாம் போகப்போவதையும் மறுபடி வரப்போவதையும் முன்கூட்டியே சொல்லும் பகுதி. நூறு தடவை கேட்டதுதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அவர்கள் கலங்குவார்கள் என்று தெரிந்தே சொன்னார். காக்காயைக் காட்டிவிட்டு நழுவிப் போகவில்லை.

நம் வீட்டுக்குக் கடன் கேட்டு வருகிறவர்கூட போய்ட்டு வரேன் என்று சொல்லாமல் படி இறங்குவதில்லை. பெற்ற பிள்ளையிடம் மட்டும் நான் திருடி மாதிரி பின்வாசலில் ஓடியிருக்கிறேன். தாளாளர் அம்மா பொய் சொன்னது வாயால். நான் சொன்னது காலால். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் மண்டி போட்டு அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "அம்மா பாத்ரூம் போகலடி. வேலைக்குப் போறேன். நீ சாயங்காலம் பால் குடிச்சு முடிச்சதும் வருவேன்."

அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? என் பையைப் பிடித்து இழுத்தாள். டிபன் பாக்ஸ் வெளியே வந்தது, அதன் மூடி அவள் கையோடு போனது. எலுமிச்சம்பழச் சோறு கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முறைத்தாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"சரி, மூடி உங்கிட்டயே இருக்கட்டும். மூடி இல்லாம அம்மா நாளைக்கு எப்படிச் சோறு எடுத்துட்டுப் போவேன்? அதை வாங்க நான் வந்துதானே ஆகணும்?"

அவள் மூடியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், கணக்குப் போட்டாள். பிறகும் அழுதாள். ஆனால் புடவையை விட்டாள். முன்வாசல் வழியாகவே, கையசைத்துவிட்டுப் போனேன்.

வாசலில் நின்றிருந்த தாளாளர் அம்மா, "இன்னும் அழுவுதே" என்றார். "அழட்டும். என்னைப் பிரியறதுக்கு அழறா, ஏமாந்து அழல. இந்த வாரம் பாருங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, பேரை அடிக்கவில்லை.

கம்பெனியில் டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டியிருந்தேன். பக்கத்து மிஷின்காரி, "இன்னாக்கா, மூடிய அடமானம் வெச்சிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். அது உண்மைதான்.

அன்று சாயங்காலம் மகள் வாசலில் மூடியோடு நின்றாள். பாத்ரூம் பக்கமே போகவில்லை என்றார் ஆயா. மூடி தினமும் காலையில் அவள் கைக்குப் போய், சாயங்காலம் என் கைக்கு வந்தது. வியாழக்கிழமை அழுகை நின்றது.

அடுத்த மாதம் ஒரு நாள் அம்பத்தூர் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நடுவில் நின்றுவிட்டது, முக்கால் மணி நேரம் நகரவில்லை. சொன்ன சொல் என்னால் போகிறதே என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திறந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். என் மகள் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயா சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"பெரியம்மா வந்து, உங்கம்மா உன்ன உட்டுட்டுப் போயிட்டா, இனிமே நீ இங்கதான்னு மெரட்டுனாங்க. உன் பொண்ணு இன்னா சொல்லிச்சு தெரியுமா? மூடி எங்கிட்ட கீது, எங்கம்மா நாளிக்கு சோறு கட்டணும், நீங்க ஊட்டுக்குப் போங்கன்னுச்சு."

மூன்றரை வயதுப் பிள்ளை அந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எத்தனையோ பேரிடம் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன், இந்த ஜெயத்துக்கு எதுவும் ஈடில்லை.

மற்றத் தாய்மாரும் இதைப் பார்த்துச் செய்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பதினோரு பிள்ளைகள் கையில் அம்மாவின் ஏதாவது ஒன்று இருந்தது. ஹேர்பின், கர்ச்சீப், வீட்டுச் சாவி. ஒரு பிள்ளையிடம் அப்பாவின் ஒற்றைச் செருப்பு. பின்வாசலில் யாரும் ஓடவில்லை.

ஆண்டு விழா மேடையில் தாளாளர் அம்மா மைக்கைப் பிடித்து, தம் பள்ளியில் பிள்ளைகள் அழுவதில்லை என்றும், அதற்குக் காரணம் தம்முடைய கண்டிப்புதான் என்றும் சொன்னார். கூட்டமே கைதட்டியது. பள்ளியில் இடம் போய்விடும் என்று பயந்து நானும் கைதட்டினேன்.

இப்போது எனக்கு அந்தப் பயம் இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகிறாள், சொன்ன நேரத்துக்கு வருகிறாள். நான் அவளுக்குக் கொடுத்ததில் இதைவிடப் பெரிய சொத்து இல்லை. ஒடுங்கிப்போன அந்த மூடி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது.

தாளாளர் அம்மா, நீங்கள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். பாத்ரூம் வாசலில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? சபை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். எல்லாரும் படிக்கும்படி, இதே பக்கத்தில் எழுதுங்கள்.